லூர்தம்மாள் இடித்த சுவர்

செய்தி தொலைபேசியில் வந்தது. நாகலூர்க் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையிலிருந்து ஆறுமுகம் பேசினார். எனக்கு இடது காது கேட்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் கத்திச் சொன்னார்.

“சார், லூர்தம்மா போயிட்டாங்க. காத்தால ஏழு மணிக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறாங்க.”

அவரே தொடர்ந்தார்.

“நீங்க வரக் கூடாதுன்னு மேல் லைன்ல ஒரு பேச்சு இருக்குதுங்க. வந்தா அடி உழும்னு சொல்றாங்க. கீழ் லைன்லயும் அதேதான் சொல்றாங்க. இதுல மட்டும் ரெண்டு லைனும் ஒண்ணா நிக்குதுங்க சார்.” சிரித்தார். பிறகு, “வாங்க. எம்பக்கத்துல நில்லுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். அடி விழுந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கல்தூணோடு சேர்த்து மோதினார். ஆறுமுகம் தன் ஊன்றுகோலை இடையில் நீட்டித் தடுத்தார். உதடு கிழிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் லூர்தம்மாளின் குழியில் மண் போட்டேன். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. புகார் எழுதுவதை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஏன் விட்டேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நினைவு மலருக்கு வந்திருக்கும் மற்றக் கட்டுரைகள் சிலவற்றைப் பார்த்தேன். ‘அமைதியின் தாய்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘புன்னகை மாறாத முகம்’ என்கிறார் இன்னொருவர். இருவரும் லூர்தம்மாளை நேரில் பார்த்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கோபக்காரர். கை நீட்டுபவர். எதையும் உடைக்கத் தயங்காதவர். இரண்டு கூட்டத்தை ஓரிடத்தில் உட்கார வைத்தார் என்றால், அந்தக் கையால்தான் வைத்தார். அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கில் இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: நாகலூரைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, எஸ்டேட் தொழிலாளர்களின் வீடுகள் இரண்டு வரிசைகளாக இருந்தன. சரிவின் மேலே சர்ச்சை ஒட்டிக் கிறிஸ்தவக் குடும்பங்கள். அது மேல் லைன். சரிவின் கீழே மாரியம்மன் கோயிலை ஒட்டி இந்துக் குடும்பங்கள். அது கீழ் லைன். இரண்டு லைன்காரர்களின் பாட்டன்மாரும் பிழைப்புத் தேடி ஒரே சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள். பேரேடு எழுதும் ஒரே ரைட்டரிடம் பேர் கொடுத்து, ஒரே செடியில் பழம் பறித்தவர்கள். இரண்டுக்கும் நடுவே அரை ஏக்கர் தரிசு. எஸ்டேட்காரர்கள் காப்பிப் பழத்தோலைக் கொட்டிக் கொட்டி, எப்போதும் புளித்த வாடை அடிக்கும் நிலம். அதன் நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் குடம் உடையாத வாரம் கிடையாது. மண்டை உடையாத மாதமும் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், அந்தத் தரிசைப் பொதுத் திடலாக்கினால் இரண்டு லைனும் கூடிப் பழகும் என்று அரசாங்க மேலிடத்தில் யாரோ நினைத்தார்கள். திடலை வடிவமைக்க என்னை அனுப்பினார்கள். சென்னையில் கட்டடக்கலை படித்து முடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னோடு படித்தவர்கள் நகரங்களில் ஓட்டல்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பழத்தோல் மேடு. அந்தக் கசப்போடுதான் மலையேறினேன். செடி கொடி வேலைகளுக்கு எஸ்டேட் நர்சரியின் மேஸ்திரியை இரவலாகக் கொடுத்தார்கள். அவர்தான் லூர்து மேரி; எல்லாருக்கும் லூர்தம்மாள். மேல் லைன்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கணவரை இழந்தவர். இடுப்பில் எப்போதும் கிளை கழிக்கும் ஒரு கவாத்துக் கத்தி.

தரிசின் நடுவே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் நின்றது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு கல் பெஞ்சு வரைந்திருந்தேன். என் வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போது லூர்தம்மாள் அதைக் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க சார், இதுல உக்காந்தா மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?”

“வெளியே பார்த்து இருக்கும். மேல் லைன்காரங்க மேலே பார்க்கலாம். கீழ் லைன்காரங்க கீழே பார்க்கலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சண்டை வராது.”

“அப்ப முதுகு?”

“மரத்துப் பக்கம்.”

“மரத்துக்கு அந்தாண்ட எவன் உக்காந்திருக்கான்னு தெரியாத ஒரு மனுசன் எப்படிங்க உக்காருவான்? இது பெஞ்சு இல்லீங்க, எலிப்பொறி.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க காலேஜுல படிக்கறப்ப உங்கள யாரும் அடிச்சதே இல்லீங்களா?”

கல் சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்ததில் ஒருத்தியின் சும்மாடு கீழே விழுந்தது. அன்று மாலையே அவரைப் பற்றி என் முதல் புகாரை எழுதினேன். படிக்காத ஒருவர் தொழில்நுட்ப விஷயங்களில் தலையிடுகிறார் என்று. பெஞ்சு என் வரைபடப்படியே கட்டப்பட்டது.

அவருடைய கைநீட்டலை நான் முதலில் பார்த்தது பாறை உடைக்கும் நாட்களில். வேலையை மேற்பார்வையிட்ட ஆள் ஒருவன், கூடையை மெதுவாக இறக்கியதற்காகக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் கூடையை எட்டி உதைத்தான். கல் அவள் கால்மேல் சரிந்தது. லூர்தம்மாள் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பால் அவன் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தார். எலும்பு முறிந்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே மூங்கில் பட்டை வெட்டி வந்து, தன் தலைத்துணியைக் கிழித்து, கட்டும் போட்டார்.

“ஆடாத இரு. ஒடைச்சவளுக்குக் கட்டவும் தெரியும். ஏற்காட்டுக்கு ஜீப்பு போவுது, ஏறிக்க. நாளைக்கு வேலைக்கு வந்தீன்னா அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வரோணும்.”

அவன் திரும்பி வரவேயில்லை. அவரை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன். நீக்கவில்லை. அந்த மலையில் அவரைப்போல நாற்று எழுப்ப ஆள் கிடையாது. செடிகளிடமும் அவர் அப்படித்தான். பூத்துக் குலுங்கும் வேலிச் செடியைப் பாதிக்கு வெட்டித் தள்ளுவார். நான் பதறினால், “வெட்டப் பயந்தவங்க செடி வெக்கக் கூடாதுங்க. அவங்க போட்டோ புடிச்சுக்கட்டும்,” என்பார்.

திடல் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெஞ்சில் இரண்டு லைன்காரர்களும் உட்கார்ந்தார்கள், நான் சொன்னதுபோலவே, அவரவர் பக்கம் பார்த்து. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாள் காலையில் குழாயடியில் தகராறு. கீழ் லைன் ஆறுமுகம் மேல் லைன் சவரியின் மனைவி எலிசாவின் குடத்தைத் தள்ளிவிட்டார். எலிசா ஈரத் தரையில் விழுந்து நெற்றி கிழிந்தது. குழாயடியில் நடப்பதுதான் என்று எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

மாலையில் ஆறுமுகம் பெஞ்சில் உட்கார்ந்து டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதைக்குக் கல் பதிக்கும் வேலையைப் பார்த்தபடி நான் இருபதடி தள்ளி நின்றேன். சவரி வந்தார். மரத்துக்கு மறுபக்கம், ஆறுமுகத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வானிலை அறிக்கை முழுவதையும் கேட்டார். நான் பார்த்தேன், அமைதியாக உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்தபடியே மரத்தை ஒட்டி நகர்ந்து திரும்பி, கவாத்துக் கத்தியால் ஆறுமுகத்தின் இடுப்புக்கு மேலே குத்தினார். இழுத்து இரண்டாவது முறையும் குத்தினார். யார் குத்தியது என்றுகூட ஆறுமுகத்துக்குத் தெரியவில்லை. அவர் முன்னால்தான் விழுந்தார்; கீழ் லைனைப் பார்த்தபடி.

அடுத்த கால் மணி நேரத்தை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. இரண்டு சரிவுகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். பாதைக்காக நான் அளவு பார்த்துக் குவித்து வைத்திருந்த கற்கள், கைக்கு அடக்கமானவை, இரண்டு பக்கமும் பறந்தன. ஒரு கிழவரின் பல்வரிசை உதடோடு போனது. ஒரு பெண் அரிவாளைச் சுற்றியதில் அவளுடைய கொழுந்தனின் விரலே துண்டானது. என் இடது காதில் ஒரு கல் விழுந்தது. அந்தக் காதில் நான் கடைசியாகக் கேட்டது அந்தக் கல்லின் சத்தம்தான்.

சவரி லூர்தம்மாளின் உடன்பிறந்த தம்பி. சவரி சர்ச்சை நோக்கி ஓடும்போது லூர்தம்மாள் எதிரில் வந்தார். தம்பியின் தலைமுடியைப் பிடித்தார். கல்மாரிக்கு நடுவே, சரிவில், கீழ் லைன்வரை இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஆறுமுகத்தைக் கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடத்தி ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். தம்பியைக் கட்டிலின் தலைமாட்டில் முட்டி போட வைத்தார்.

“பாருடா. முன்னாடி வந்து பாரு. அப்ப முதுகத்தானே பாத்தே? இப்ப மூஞ்சியப் பாரு.”

கீழ் லைன் ஆண்கள் சவரியை அடிக்கத் தொடங்கினார்கள். லூர்தம்மாள் தடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவர் அம்மிக்குழவியைத் தூக்கியபோதுதான் குறுக்கே கை வைத்தார். “போதுமுங்க. மிச்சம் போலீசுக்கு வேணும்.” அந்தச் சொல்லுக்கு அவர்கள் நின்றார்கள். இன்றுவரை அது எனக்கு ஆச்சரியம்.

பிறகு மேலே ஏறி வந்தார். நான் பெஞ்சில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்பார் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். அவர் சொல்லாமல் போனதை நான் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மரத்தை வெட்டினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவரும் நர்சரிப் பெண்கள் இருவரும் காலையில் தொடங்கி மதியத்துக்குள் சாய்த்தார்கள். அது விழுந்தபோது என் பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. நூறு வருஷத்து மரம் என்று நான் கத்தினேன். “ஒளிஞ்சுக்க எடம் குடுத்த மரமுங்க,” என்றார். அந்த மரத்துக்காக நான் இன்னும் அவரோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: திடலை இரண்டாகப் பிரித்து, நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர், பக்கத்துக்கு ஒரு குழாய். வரைபடம் உடனே வேண்டும். காதில் கட்டோடு உட்கார்ந்து ஒரே நாளில் வரைந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு விருப்பத்தோடு நான் வரைந்ததில்லை. இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே தகுதியில்லாதவர்கள் என்று நினைத்தேன். வேலைக்குச் சமவெளியிலிருந்து வேறு ஆட்களை அழைத்து வந்தேன்.

அஸ்திவாரம் தோண்டும் அன்று லூர்தம்மாள் என் அறைக்கு வந்தார். அவர் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு முறைதான்.

“சார், இந்தச் செவுரு வேண்டாமுங்க. எழும்பிருச்சுன்னா அப்பறம் யாரும் எறக்க மாட்டாங்க. எந்தம்பி பண்ணுனதுக்கு ரெண்டு லைன் புள்ளைங்களும் சாகற வரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டே நிக்கோணுமுங்களா?”

“சுவர் இருந்தால் யாரும் குத்த முடியாது.”

“குத்த வர்றவன் செவுத்துக்கு அந்தாண்ட நின்னு யோசிப்பானுங்க. அவன் யோசிக்கறது இந்தப் பக்கம் தெரியோணும்ல?”

“உங்க தம்பிக்காகப் பேசறீங்க,” என்றேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து போய்விட்டார்.

சுவர் மார்பளவு எழும்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு சர்ச்சிலிருந்து நேராக வந்தார். பாறை உடைக்கும் பெரிய சம்மட்டியை எடுத்தார். இடிக்கத் தொடங்கினார். இரண்டு லைனும் அவரவர் பக்கம் நின்று பார்த்தது. யாரும் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தகவல் தெரிந்து நான் ஓடி வந்தேன். கல் சில்லுகள் அவர் முகத்தில் தெறித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“தள்ளுங்க சார்.”

“தள்ள மாட்டேன். இது அரசாங்கச் சொத்து.”

சம்மட்டியைக் கீழே வைத்தார். என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்காத குறையாக நகர்த்தி, நாற்றுத் தொட்டியை இடம் மாற்றுவதுபோல ஓரமாக நிறுத்தினார். “இங்கயே நில்லுங்க. கண்ணுல கல்லு பட்டுரும்.” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடி சம்மட்டியை எடுத்தார். மதியத்துக்குள் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

அன்று நான் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகாரில் இரண்டு குற்றங்கள் இருந்தன. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது ஒன்று. அது உண்மை. சம்மட்டியை ஓங்கி என்னைக் கொல்ல வந்தார் என்பது இரண்டாவது. அது பொய். நான் படித்தவன்; என் கையெழுத்து அழகாக இருக்கும்; யாரும் சந்தேகப்படவில்லை. முதல் குற்றத்துக்கு அவரை எச்சரித்து விட்டிருப்பார்கள். இரண்டாவது குற்றத்துக்குத்தான் உள்ளே வைத்தார்கள். நாற்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தபோது அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எஸ்டேட் வேலையும் போயிருந்தது. அந்தக் கை அதற்குப் பிறகு கவாத்துக் கத்தியைப் பிடிக்கவேயில்லை. எல்லாவற்றையும் இடது கையால் பழகிக்கொண்டார்.

அந்த நாற்பது நாளில் சுவரை மறுபடி எழுப்ப நான் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. சமவெளியிலிருந்து வந்த கொத்தனார்களுக்கு இரண்டு லைனிலும் குடிக்கத் தண்ணீர் தர மறுத்தார்கள். கலவை போட்ட மண்வெட்டிகள் காணாமல் போயின. ஒரு கொத்தனாரின் முதுகில் கல் விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. அவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

அதே சமயம் ஆறுமுகம் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். ஒரு கால் இழுத்துவிட்டது. அதிகாரி ஒருவர் வந்து சமாதானக் கூட்டம் போட்டார். அடிபட்டவர் என்பதால் ஆறுமுகத்திடம்தான் முதலில் கேட்டார். அவர் சுவர் வேண்டும் என்பார் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

“எனக்குச் செவுரு வேண்டாமுங்க. செவுத்துக்கு அந்தாண்ட யாரு வந்து நிக்கறான்னு தெரியாத நான் இனிமே தூங்கவே முடியாதுங்க.”

“அப்போ என்னதான் வேணும்?” என்றார் அதிகாரி.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த லூர்தம்மாள் முன்னால் வந்தார். ஜாமீனில் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

“ஆறுமுகம், எந்திரி. திடல்ல நட. எங்க உக்காந்தா உனக்குப் பயமா இல்லையோ அங்க உக்காரு. அங்க கல்லு போடறேன்.”

“எல்லா எடமும் பயமாத்தான் இருக்குதுங்க அக்கா.”

“நொம்பப் பயமா இல்லாத எடமாப் பாரு.”

அதை நான் பார்த்தேன். நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் கோலை ஊன்றித் திடலில் நடந்தார். குழாயடியில் உட்கார்ந்தார்; பின்னால் திரும்பிப் பார்த்தார்; எழுந்தார். பிளந்த பெஞ்சின் பக்கம் போனார். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு குழியில் உட்கார்ந்தார், “மேலேர்ந்து கல்லு உருண்டா?” என்று அவரே கேட்டு எழுந்தார். கடைசியில் கிழக்கே சரிவு வெட்டி நின்ற ஒரு மண்மேட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். தலையைத் திருப்பினார். பின்னால் மண். முன்னால் முழுத் திடலும், குழாயும், இரண்டு பாதைகளும். அப்படியே கண்ணை மூடினார்.

லூர்தம்மாள் அந்த இடத்தில் கடப்பாரையைக் குத்தி நிறுத்தினார். பிறகு மேல் லைன் கூட்டத்தைப் பார்த்தார்.

“எலிசா, நீ வா சாமி. இப்ப உனக்கு.”

எலிசாவின் நெற்றியில் தழும்பு, புருஷன் சிறையில். அவள் அழுதாள், முடியாது என்றாள். லூர்தம்மாள் கையைப் பிடித்து நடுத்திடலுக்கு இழுத்து வந்து விட்டார். அவளும் நடந்தாள். ஆறுமுகம் எழுந்தால் தெரியவேண்டும், தான் ஓட வழி வேண்டும். அவள் தேடியது அதைத்தான். மேற்கே அதேபோல ஒரு மண்மேடு கிடைத்தது. முதுகைச் சாய்த்தாள். முப்பதடி தூரத்தில் ஆறுமுகமும் எலிசாவும் எதிரெதிரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி மூன்று நாள். அடித்தவர்கள், அடிபட்டவர்கள், பல் போன கிழவர், அரிவாள் சுற்றிய பெண் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து காட்டினார்கள். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கல் விழுந்தது. இடித்த சுவரின் கல்லையே எடுத்தார்கள். நடுவே இடுப்புக்கு மேல் வளரும் எதையும் அவர் வைக்கவில்லை. செவ்வந்தியும் தரையோடு படரும் புல்லும் மட்டும். இரண்டு மண்மேடுகளிலும் சரியாமல் இருக்க வேரோடும் செடிகளை நட்டார், இடது கையால். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. அந்த ஊரின் பயத்தை அளந்து ஒரு திடல் செய்தார். நான் பிறகு நாடா பிடித்து அதை வரைபடமாக்கினேன். அதன் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. சில வருடங்கள் கழித்து அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சண்டை நின்றுவிட்டதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நிற்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். இரண்டு முறை கைகலப்பு. ஆனால் எழுந்து வருகிறவனை முப்பதடி தூரத்திலேயே எல்லாரும் பார்த்தார்கள். அவனும் அது தெரிந்துதான் வந்தான். கத்தி மட்டும் அதன் பிறகு வரவில்லை.

சவரி சிறையிலிருந்து வந்த கதையை ஆறுமுகம்தான் சொன்னார். மூன்று நாள் மாலையில் சவரி எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான்காம் நாள் ஆறுமுகம், “பீடி இருக்குதா?” என்று கேட்டாராம். சவரி பீடிக் கட்டை எறிந்தார். அது பாதி தூரத்தில் விழுந்தது. எழுந்து போய் எடுக்க இரண்டு பேருக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் நிமிர்ந்து, “எவனாச்சும் எடுங்கடா, மழ வருது,” என்று கத்தினாராம். யார் எடுத்தது என்று ஆறுமுகம் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

என் பொய்ப் புகாரைப் பற்றி லூர்தம்மாளும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. வழக்கு ஆதாரமில்லாமல் விழுந்தது. நான் சாட்சி சொல்லப் போகாமல் இருந்துவிட்டேன்; அதைக்கூட ஒரு பெருந்தன்மை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் வயிற்றில் கட்டி என்று அவரைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகியிருந்தது. மடங்காத அந்த இரண்டு விரல்கள் மட்டும் போர்வைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்து, காப்பி விலை, மழை, என் காது என்று எதையெதையோ பேசினேன். கடைசியில் சொன்னேன்.

“சம்மட்டி ஓங்கினீங்கன்னு எழுதினேனே. அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க.”

“ஓங்கியிருக்கோணும்,” என்றார்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் மறுபடி கேட்டேன்.

“மாட்டேனுங்க சார்,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “சவரிய மன்னிச்சுட்டேன். அவனுக்குப் படிப்பு இல்ல, புத்தி இல்ல, கயித்த அறுத்துக்கிட்டுத் திரிஞ்சான். போலீசுக்காரனக்கூட மன்னிச்சாச்சு. உங்கள மன்னிச்சா நீங்க ஊட்டுக்குப் போயி நிம்மதியாப் படுத்துக்குவீங்க. அப்பறம் இன்னொரு ஊர்ல எவனாச்சும் செவுரு கேப்பான். வரைஞ்சு குடுத்துருவீங்க. நான் மன்னிக்காத இருந்தா, பேனாவ எடுக்கறப்பக் கை கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டுமுங்க.”

பிறகு நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

நான் எளிதில் மறப்பவன் அல்ல. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். எத்தனையோ பேர் மீது இன்னும் எனக்கு வருத்தம் இருக்கிறது. லூர்தம்மாள் மீதும் இருந்தது. அதைக் குழியில் மண் போடும்போது விட்டுவிட்டேன். அவர் என்மீது வைத்திருந்ததை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். அடக்கம் முடிந்த வாரம், சமவெளியில் ஒரு குடியிருப்புக்கும் அதை ஒட்டிய குடிசைகளுக்கும் நடுவே மதில் வேண்டும் என்று என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த நில வரைபடத்தை விரித்துப் பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது. சுருட்டிக் கொடுத்து, வேறு யாரையாவது பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.